சிங்கியைத் தேடிப் போனவர்கள்

தொலைந்துபோன ஒருத்தியைத் தேடி ஒருவன் அலைகிறான். கைத்தொழிலை விட்டுவிட்டான். உடனிருப்பவன் சொல்லும் புத்தி காதில் ஏறவில்லை. கடன், குடி, வசவு, அவமானம் எல்லாவற்றுக்கும் நடுவே அவன் செய்யும் காரியங்கள் நமக்குச் சிரிப்பை மூட்டுகின்றன. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன்மேல் பரிதவிப்பும் வருகிறது. இப்படிப்பட்ட நாவல் என்றதும் செர்வாண்டிசிலிருந்து தொடங்கி ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களை அடுக்குவது நம் வழக்கம். தமிழில் யார் என்று கேட்டால் ஜி. நாகராஜன் பெயரைச் சொல்கிறோம். அவரையும் வெளியிலிருந்து வீசிய காற்றின் விளைவாகவே பேசி முடித்துவிடுகிறோம்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. மறுபாதி நம் தெருக்களிலேயே கிடக்கிறது. தேடி அலைபவனின் அவலச் சிரிப்பு தமிழில் மிகப் பழையது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இங்கே எப்போதும் காசும் சட்டமும் நின்றிருக்கின்றன. தேடுகிறவனின் புலம்பலோடு நிற்காமல், தேடப்பட்டவள் தன் கணக்கைச் சொல்ல இடம் கொடுத்த படைப்புகளே இந்த வரிசையில் நிலைத்திருக்கின்றன. இதுவே என் வாதம்.

இதைப் பள்ளிப்பட்டில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தென்கிழக்கே திருத்தணி, தென்மேற்கே வள்ளிமலை. வள்ளி தினைப்புனம் காத்ததாகச் சொல்லும் மலைக்கும், அவளை மணந்து முருகன் அமர்ந்ததாகச் சொல்லும் மலைக்கும் இடைப்பட்ட நாடு இது. கிழவன் வேடம் போட்டு, பசிக்கிறது என்று தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்டு, கடைசியில் அண்ணனிடம் யானை கேட்டுக் கெஞ்சும் ஒரு கடவுளை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு முன்பே அறிந்துகொள்கிறார்கள். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை வள்ளியம்மை திருமணத்தோடு நிறைவு செய்கிறார். சூரனை வென்ற அதே வேலவன், குறவர் மகள் முன்னால் எல்லா மதிப்பையும் இழந்து நிற்கிறான். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நூறாண்டு கடந்தும் மேடையில் நிற்பதற்கு அந்த மதிப்பிழப்பே காரணம் என்பது என் எண்ணம். வீரனைப் பார்க்க மட்டுமென்றால் விடிய விடிய யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்களின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி, திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். தமிழில் குறவஞ்சி நாடகம் உண்டு, அதில் குறி சொல்லும் சிங்கியும் அவளைத் தேடும் சிங்கனும் உண்டு. தெலுங்கிலும் கொரவஞ்சி உண்டு. அங்கே அந்த இணை சிங்கியும் சிங்கடும். குறி சொல்லும் எருகலப் பெண் (எருகலர் தெலுங்கு நாட்டுக் குறவர்) யட்சகானத்தில் நிலையான பாத்திரம். எல்லையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சிங்கியைத் தேடும் சிங்கன் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரனாகவே இருந்திருப்பான்.

சிங்கனை நாம் நன்றாக அறிந்தது திரிகூடராசப்பக் கவிராயரின் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யில். தென்காசிக்கு அருகே மேலகரத்தில் பிறந்தவர் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அவர் காலம். மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அந்த நிலத்துக்குப் பெயர். பாடப் புத்தகத்தில் நாம் படித்ததெல்லாம் வசந்தவல்லி பந்தாடியதும் குறத்தி சிங்கி மலைவளம் சொன்னதும். நாடகத்தின் பிற்பாதியை யாரும் நமக்கு நடத்தவில்லை. என் விஷயம் அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது.

சிங்கன் பறவை பிடிப்பவன். துணைக்கு நூவன். குற்றாலநாதர் கோயிலுக்கு உரிய வயல்களில் பறவைகள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. கண்ணி தயாராக இருக்கிறது. ஆனால் சிங்கி எங்கேயோ குறி சொல்லப் போய்விட்டாள், போனவள் திரும்பவில்லை. சிங்கன் கண்ணியைப் பார்க்கிறான், கண்ணுக்குள் சிங்கி நிற்கிறாள். பறவைகள் பறந்துவிடுகின்றன. நூவன் கேலி பேசுகிறான். சிங்கன் அவனிடம் கெஞ்சுகிறான், பேரம் பேசுகிறான், பிறகு ஊர் ஊராகத் தேடிக் கிளம்புகிறான். தேடிப் போகிறவன் தொழிலையும் கெடுத்து, கூட இருப்பவனையும் சலிக்க வைத்து, பாட்டும் புலம்பலுமாகத் தெருத்தெருவாகத் திரிவதுதான் நாடகத்தின் நகைச்சுவை. பசி அதற்குள்ளேயே இருக்கிறது. இரை பறந்துபோனால் அன்றைக்கு உலை இல்லை.

குற்றாலத் தெருவில் அவளைக் கண்டுபிடிக்கிறான். கண்டதும் தழுவிக்கொள்ள வருகிறான். நடுத்தெருவில் என்ன இது என்று அவள் தடுக்கிறாள். அடுத்து வருவது தமிழ் நாடக உரையாடல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. சொல்லாமல் எங்கே போனாய் என்று கேட்கிறான். குறி சொல்லப் போனேன் என்கிறாள். அவள் கால் வெறுங்காலாக இல்லை. கையும் கழுத்தும் அப்படியே. காட்டில் திரிகிறவனுக்கு நகை தெரியாது. பாம்பு தெரியும், புழு தெரியும். காலில் சுருண்டு கிடப்பது என்ன பாம்பு என்கிறான். சிலம்பு என்கிறாள். எந்த நாட்டில் குறி சொல்லிக் கிடைத்த சிலம்பு என்பதையும் சேர்த்துச் சொல்கிறாள். அடுத்த நகை, அடுத்த கேள்வி, அடுத்த நாடு. காலிலிருந்து தொடங்கி மேலே ஏறுகிறது விசாரணை.

பார்க்கிற கூட்டம் சிங்கனின் அறியாமையைக் கண்டு சிரிக்கும். ஆனால் அவன் கேள்வி அறியாமையிலிருந்து மட்டும் வரவில்லை. இவ்வளவும் உனக்கு யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற கேள்வி அதற்கு அடியில் கிடக்கிறது. வெறுங்கையோடு வந்து நிற்கும் கணவன், உடம்பு முழுக்கப் பொன்னோடு நிற்கும் மனைவி. கவிராயர் அந்தச் சந்தேகத்தை வெளிப்படையாக எழுதவில்லை. பாம்பும் புழுவுமாக மாற்றிச் சிரிக்க வைக்கிறார். சிங்கி அழவில்லை, காலில் விழவில்லை, சத்தியம் செய்யவில்லை. ஒவ்வொரு நகைக்கும் கணக்கு வைத்திருக்கிறாள்: நான் உழைத்தேன், இந்த நாட்டில் கொடுத்தார்கள். சிங்கன் அதை ஏற்றுக்கொள்கிறான். நாடகம் அவர்கள் கூடுவதோடு முடிகிறது.

வசந்தவல்லியின் காதலோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். அவள் இறைவனை விரும்புகிறாள், தூது போகிறது, குறத்தி நல்ல சொல் சொல்கிறாள். ஆனால் மேடையில் நாம் கண்ணால் காண்பது சிங்கனும் சிங்கியும் சேர்வதை மட்டுமே. உயர்ந்த காதல் வாக்குறுதியாக நிற்க, தெருவில் அலைந்தவர்களின் காதல் கைகூடுகிறது. இப்படி முடிக்கத் துணிந்த ஒரு புலவரைத் தலபுராணம் பாடிய பக்திக் கவி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அவருக்குச் செய்யும் அநீதி.

சிங்கனுக்கு மூதாதையர் உண்டு. சங்கப் பாடல்களில் மடலேறுகிறவன் அவர்களில் ஒருவன். காதலித்தவள் கிடைக்காமல் போனவன் பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, தெருவில் இழுபட்டு வருகிறான். ஊர் வேடிக்கை பார்க்கிறது. கருக்கு அவன் தொடையைக் கிழிக்கும். தன்னையே கேலிப்பொருளாக்கி, அந்தக் கேலியின் பலத்தால் காதலைக் கேட்பது மடல். இதைப் பாடியே பெயர் பெற்றவர் மடல் பாடிய மாதங்கீரனார். கலித்தொகையில் மடல் ஏறியவன் சான்றோரைப் பார்த்து முறையிடுகிறான். தொல்காப்பியம் இதைப் பெருந்திணையில் வைக்கிறது. ஏறுவேன் என்று சொல்வது வரைக்கும் அகம், ஏறிவிட்டால் பெருந்திணை என்று பிற்கால உரைமரபு பிரித்துப் பார்க்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியவன் இலக்கண மரியாதையை இழக்கிறான். திருக்குறளும் மடலுக்கு ஓர் அதிகாரத்தில் இடம் கொடுத்து, அதற்கு ‘நாணுத்துறவுரைத்தல்’ என்று பெயர் வைத்திருக்கிறது. செர்வாண்டிசின் தொன் கிஹோத்தே 1605இலும் 1615இலும் இரண்டு பாகமாக வெளிவந்து ஐரோப்பிய நாவலைத் தொடங்கிவைத்தது என்பார்கள். மெலிந்த குதிரையில் ஏறி, கண்ணால் காணாத துல்சினேயாவுக்காக உதைபடும் அந்தக் கிழவனைப் படித்தபோது எனக்கு அவன் அந்நியனாகத் தெரியவில்லை.

பனங்கருக்குக் குதிரைக்காரனிடம் பெண் பேசுவது அரிது. அவள் வீட்டுக்குள் இருக்கிறாள். குறவஞ்சியில்தான் அவள் தெருவுக்கு வந்து, சம்பாதித்து, கேள்விக்குப் பதில் சொல்கிறாள். அந்த நகர்வுக்கு விலையும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் ஆடியவர்கள் தேவதாசிப் பெண்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ ஆண்டுதோறும் அவர்களால் ஆடப்பட்டுவந்தது. 1947இல் சென்னை மாகாணம் தேவதாசி ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தின் தேவை பற்றி எனக்கு ஐயமில்லை; முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியது நியாயத்துக்காக. ஆனால் அந்தப் பெண்களின் கையிலிருந்த கலை அவர்களை விட்டு வேறு கைகளுக்குப் போனதும் அதே காலத்தில்தான். ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்திராவில் ‘குற்றாலக் குறவஞ்சி’யை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். அழகான முயற்சி, அதை மறுக்க முடியாது. அப்போது சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்தது. 1871இல் வடக்கே பிறந்த அந்தச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் குழுக்கள் அதில் பட்டியலிடப்பட்டன. ஊர் விட்டு ஊர் போக அனுமதி வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். எருகலர்களை அடைத்து வைக்கக் குண்டூர்ப் பக்கம் ஸ்டுவர்ட்புரம் என்று ஒரு குடியிருப்பே உண்டாக்கினார்கள். மேடையில் சிங்கன் சிங்கியைத் தேடி நாடு நாடாகப் போகிறான். உண்மையான சிங்கன் அப்படிக் கிளம்பினால் கைது செய்யலாம்.

அலைவதே குற்றம் என்றாக்கிய சட்டம் அது. சென்னையில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் அது போனது. ஆனால் 1948லேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று வேறொன்று இங்கே வந்துவிட்டது. பெயர் மாறியது, காவல் நிலையத்துப் பழக்கம் மாறவில்லை. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடந்த ஆபாச ஆட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல்தான் தடை செய்தது, அதுவும் அந்தச் சமூகத்தார் நீதிமன்றம் போன பிறகு. சிங்கியைத் தமிழ்நாடு எப்படிப் பார்க்கப் பழகியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இந்த நிலத்தில்தான் ஜி. நாகராஜன் 1963இல் ‘குறத்தி முடுக்கு’ எழுதுகிறார். குற்றாலம் இருக்கும் அதே திருநெல்வேலிச் சீமை. கோயில் தெரு போய், பெண்களை வைத்துத் தொழில் நடக்கும் ஒரு முடுக்கு. கதைசொல்லி ஒரு பத்திரிகைக்காரன். அங்கே போய்வருகிறவன், தங்கம் என்ற பெண்மேல் அவனுக்குக் காதல் உண்டாகிறது. காசு கொடுத்து வந்த இடத்தில் காசில் அடங்காத ஒன்றைக் கேட்கத் தொடங்கும் அந்தக் கணத்திலிருந்து அவன் நிலை கேலிக்குரியதாகிவிடுகிறது. அதை அவனே அறிவான் என்பதுதான் நாகராஜன் செய்த பெரிய காரியம். பிறகு போலீஸ், வழக்கு, அலைச்சல். தங்கம் காணாமல் போகிறாள். அவன் தேடுகிறான்.

1956இல் இயற்றப்பட்ட பெண்கள் வியாபாரத் தடுப்புச் சட்டம் அப்போது புதிது. பெண்களை மீட்பதற்கென்று வந்த சட்டம், நடைமுறையில் அவர்களைத்தான் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தியது. முடுக்கின் அன்றாடத்தில் போலீஸ் ஒரு பருவநிலை மாதிரி வந்துபோகிறது. யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. நாகராஜன் குரலை உயர்த்துவதும் இல்லை. சாகத் துணிந்த ஒருத்தியின் கதையைக்கூட, அங்கே நடக்கும் கொடுக்கல் வாங்கலைச் சொல்லும் அதே குரலில் சொல்கிறார். கறுப்பு நகைச்சுவை என்று நாம் சொல்வதன் உயிர் அந்தச் சமநிலைக் குரலில் இருக்கிறது. கொடுமையைப் பெரிதாக்கிக் காட்டினால் வாசகன் அழுதுவிட்டு எழுந்துபோவான். அன்றாடமாகக் காட்டினால் எங்கே போவான்?

தேடியவன் கடைசியில் அவளைக் காண்கிறான். வேறோர் ஊரில், கேரளப் பக்கம், தன் கணவனோடு இருக்கிறாள். அவளை அந்தத் தொழிலுக்குள் இறக்கிவிட்டதில் பங்குள்ள அதே கணவன். தேடி வந்தவனுடைய காதல் பெரிது, தியாகம் பெரிது. இருந்தும் அவள் அவனோடு கிளம்பவில்லை. அவளுடைய முடிவுக்கு அவளுடைய காரணங்கள் இருக்கின்றன. அவற்றைக் கதைசொல்லி எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த இடத்தில் நாவலை மூடிவைத்துவிட்டுக் குற்றாலத் தெருவை நினைத்துப் பாருங்கள். சிங்கி சொன்ன கணக்கைச் சிங்கன் ஏற்றான், இருவரும் சேர்ந்தார்கள். இங்கேயும் அவள் சொல்வதைத் தேடி வந்தவன் ஏற்கிறான். சேர்வதற்கு வழி இல்லை. நடுவிலிருந்த இருநூறு சொச்சம் ஆண்டுகளில் சிங்கனுக்கும் சிங்கிக்கும் என்ன நடந்தது என்பதைத்தான் முந்தைய பத்திகளில் சொன்னேன். நாகராஜன் கவிராயரை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் வாதிடவில்லை. ஒரே நிலம், ஒரே உறவு, ஒரே கேள்வி. காலம் போட்ட காயம்தான் புதியது.

நாகராஜனை விரட்டி விரட்டிக் கதாநாயகனாக்கிவிட்டது நம் சிறுபத்திரிகை உலகம். 1929இல் மதுரையில் பிறந்தவர், கணிதப் பேராசிரியர், கம்யூனிஸ்ட் கட்சியில் வேலை செய்தவர், கல்லூரி வேலைகள் போன பிறகு மதுரையில் தனிப்பயிற்சி வகுப்பெடுத்தவர். மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்கக் கூட்டமாக வந்திருக்கிறார்கள். 1981 பிப்ரவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். சுந்தர ராமசாமி அவரைப் பற்றி ‘நினைவோடை’ வரிசையில் எழுதிய நூலில், நண்பர்களைச் சலிக்கவும் உருகவும் வைத்த ஒரு மனிதர் வருகிறார். அந்தக் கதைகளில் மயங்கி, அவர் வாழ்க்கையை எழுத்துக்கு உரையாக்கிப் படிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. குடித்தவர் எல்லாரும் அப்படி எழுதிவிடவில்லை. கணிதம் படித்தவரின் கட்டுப்பாடு அவருடைய ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது: தேவையற்ற ஒரு பெயரடை கிடையாது, ஒருவர் பேசினால் அவர் எந்தத் தெருக்காரர் என்று தெரியும்.

‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது. கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். காலையில் கண் விழித்ததும் சாராயம் இல்லாமல் கை நிலைகொள்ளாது. சென்னை மாநிலம் முழுக்க 1948இல் வந்த மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, மூன்றே ஆண்டுக்குள் மறுபடி இறுகிய காலம் அது. குடிப்பவனுக்கு மட்டுமில்லை, விற்பவனுக்கும் பிடிப்பவனுக்கும் எது எப்போது குற்றம் என்று நிலையாகத் தெரிந்திருக்காது. கந்தனின் மனைவி மீனா. அவளுக்கு ஆள் கொண்டுவருபவனும் கந்தன்தான். இந்த ஒரு வரியைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் நாவலைப் படிக்கும்போது தடுமாறிப்போவார்கள். அவர்களுக்குள் அன்பு இருக்கிறது. பிள்ளையைத் தொலைத்த துக்கம் இருக்கிறது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மீனா என்ன ஆவாள் என்று கந்தன் கவலைப்படுகிறான், அவளுக்கு ஒரு வழி பண்ண அந்த ஒரு நாளில் அலைகிறான்.

இங்கே அவள் தொலைந்து போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். ஆனாலும் இது தேடல் நாவல் என்றே நான் படிக்கிறேன். தன் கையாலேயே கைவிட்ட ஒன்றை, கைவிட்டதை ஒப்புக்கொள்ளாமல், ஊர் முழுக்கத் தேடுகிறான் கந்தன். சாராயக் கடை, தரகர், முதலாளி, பழைய நண்பர் என்று அவன் போகிற இடத்திலெல்லாம் பேச்சு தத்துவம், அரசியல், வியாபாரம் என்று திரும்புகிறது. வாய்விட்டுச் சிரிக்கலாம், அவ்வளவு கூர்மையான பேச்சு. பொழுது சாயச் சாய வளையம் சுருங்குகிறது. முடிவில் போலீஸ் அவனைக் கொண்டுபோகிறது. பழைய பேர்வழி, பெயர் ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது, அது போதும். 1948ஆம் ஆண்டு வழக்கக் குற்றவாளிகள் சட்டத்தைப் படித்துவிட்டு அந்தக் கடைசிப் பக்கங்களைப் படித்தால் உடம்பு சிலிர்க்கிறது. கந்தனுக்கு அதில் வியப்பே இல்லை.

ப. சிங்காரத்தை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். சேர்க்க வேண்டும். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 18 வயதில் சுமத்திராவின் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். அங்கே மணந்த மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரை தினத்தந்தியில் 40 ஆண்டு வேலை பார்த்து, தனியாகவே வாழ்ந்து 1997இல் இறந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலைத் தனக்குப் பிடித்ததாகச் சொன்னவர். அதன் நாயகனும் பிரசவத்தில் காதலியையும் குழந்தையையும் இழந்தவன் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு சிங்காரத்தின் பக்கங்களை என்னால் முன்போலப் படிக்க முடியவில்லை.

‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வெளியானது. பினாங்கு வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா முதலாளி மகள் மரகதத்தை விரும்புகிறான். அவளுக்கும் விருப்பம். நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி தூக்கிய செல்லையா போர் முடிந்து திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் பெட்டியடிக்கு ஆக மாட்டான் என்பது முதலாளி வானாயீனாவின் தீர்மானம். கெட்ட மனிதர் இல்லை அவர். கடைக்கு ஒரு நீதி உண்டு, அதன்படி நடக்கிறார். செல்லையாவின் காதல் ஒரு லேவாதேவிக் கணக்கில் கழிந்துபோகிறது. 1972இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியன் மேடான், பினாங்கு, போர்க்களம், அர்னேமியாக் காடு என்று அலைகிறான். குடித்துக்கொண்டே தமிழர் பெருமையைக் கிழித்துத் தோரணம் கட்டும் பேச்சுகள் அந்த நாவலில் உள்ளவை போல் வேறெங்கும் நான் படித்ததில்லை. பாண்டியன் தேடுவது ஒரு பெண்ணை மட்டும் என்று சொல்ல முடியாது. ஊர், தெரு, வாலிபம் எல்லாம் சேர்ந்த ஒன்று. ஊருக்குத் திரும்பும் நேரத்தில் சுடப்பட்டுச் சாகிறான். சிரிப்பில் சிங்காரம் நாகராஜனைவிட வலியவர். ஆனால் அவருடைய பெண்கள் நாகராஜனின் தங்கத்தைப்போல் எதிர்நின்று பேசுவதில்லை. மரகதம் அழுகிறாள், அழுததற்கு மேல் அவளிடமிருந்து நமக்கு எதுவும் வருவதில்லை. இதைக் குறையாகவே நான் வைக்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் தறிச் சத்தம் இன்னும் உண்டு. அந்தத் தறியை நம்பி இருக்க முடியாதவர்கள் திருத்தணிக்குப் போய் ரயில் ஏறுகிறார்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். ஒரு சீசன் முடிந்ததும் ஒருவர் இருந்த இடத்தில் இன்னொருவர் இருப்பார். ஆறு பேர் தங்கும் அறையில், அணைந்துவிட்ட ஒரு கைபேசி எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கும் ஒருவனை இங்கே எந்த லேபர் லைனிலும் பார்க்கலாம். அவனுடைய நாவல் தமிழில் இன்னும் என் கைக்கு வரவில்லை. யாராவது எழுத உட்கார்ந்தால் அவருக்கு என் வேண்டுகோள்: அவன் அழைக்கிற எண்ணின் மறுமுனையில் இருப்பவளுக்கும் ஒரு சம்பளச் சீட்டு இருக்கும், ஒரு ஷிப்ட் இருக்கும், அழைப்பை எடுக்காததற்கு ஒரு காரணம் இருக்கும். கட்டியங்காரனை வைத்துப் பழகிய கூத்து நிலம் இது. அரசனே ஆனாலும் திரைக்கு வெளியே வந்ததும் நீ யார், எங்கே வந்தாய் என்று கேட்காமல் எங்கள் கட்டியங்காரன் விட்டதில்லை. தேடி வருகிறவனையும் அவளையும் அப்படிக் கேட்கிற ஒருவர் அந்த நாவலுக்கு வேண்டும்.

தங்கத்தைக் கதைசொல்லி கடைசியாகக் கண்ட கேரளத்திலிருந்து, 42 ஆண்டு கழித்து, 2005இல், ஒரு புத்தகம் வந்தது. திருச்சூர்க்காரரான நளினி ஜமீலா தன்னுடைய தொழிலையும் வாழ்க்கையையும் தானே சொன்ன சுயசரிதை. குளச்சல் மு. யூசுப் அதைத் தமிழில் தந்திருக்கிறார். கூலி எவ்வளவு, வீட்டுச் செலவு எவ்வளவு, எந்த ஆண் எப்படிப் பேசினான், போலீஸ் என்ன செய்தது, மகளை எப்படி வளர்த்தார் என்று அத்தனையும் அதில் இருக்கிறது. சிரிக்க வைக்கும் பக்கங்களும் நிறைய. வேறொருவரின் உதவியோடு எழுதப்பட்டு வெளியான முதல் வடிவம் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதில் இருப்பது தன் குரல் இல்லை என்று நளினி ஜமீலாவுக்குப் பட்டது. அதே ஆண்டில் அதைத் திருத்தி எழுதி, வேறு தலைப்பில் மறுபடி வெளியிட்டார்.